சர்க்கரை 'நார்மல்' என்றால் சும்மா இருந்துவிடலாமா?



வரி, லைசென்சு, எடைத் தராசு முத்திரை, ஆன்லைன் போட்டி என்று எழுதும் இந்தப் பக்கத்தில், ஒரு மொத்த வியாபாரி உடம்பைப் பற்றி எழுதுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். நான் பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன், டாக்டர் அல்ல. ஆனாலும் இரண்டு வருடமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை அங்கத்தினர்கள் முன் வைக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வட்டார வியாபாரிகள் குடும்பத்தோடு இரண்டு வேனில் எங்கள் ஊர் சித்தன்னவாசலுக்கு வந்தார்கள். உள்ளூர்க்காரன் என்பதால் சாப்பாட்டு ஏற்பாடு என் பொறுப்பு. காலையில் பொங்கல், வடை, கேசரி. 11 மணிக்கு டீ, பஜ்ஜி. மத்தியானம் பிரியாணி. குறை சொல்ல முடியாத ஏற்பாடு என்று அன்றைக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். அறிவர் கோயில் ஓவியத்தை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு ஏழடிப்பட்டம் போகலாம் என்றேன். அதற்குப் படியேறி, மேலே போய், மறுபுறம் பாறை விளிம்பில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். ஆண்கள் 22 பேரில் குகை வரை வந்தவர்கள் 9 பேர். மற்றவர்கள் அடிவாரத்து மரநிழலிலும் பாதிப் படியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் பலருக்கு 50 வயதுகூட ஆகவில்லை.

பாதிப் படியில் உட்கார்ந்தவர்களில் ஒருவர், என்னிடம் 20 வருடத்துக்கு மேல் சரக்கு எடுத்த சில்லறைக் கடைக்காரர். தோளில் துண்டு நனைகிற அளவுக்கு வியர்வை. "என்ன தம்பி, முடியலையா?" என்றேன். "முட்டிதாண்ணே கொஞ்சம் மக்கர் பண்ணுது. வேற ஒண்ணும் இல்ல. போன மாசம் முகாம்ல பார்த்தேன், சுகர் நார்மல்னு சொல்லிட்டாங்க" என்றார்.

ஏழு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, கடை ஷட்டரைத் தூக்கப் போன இடத்தில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. வயது 49. பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பை விட்டுவிட்டு இன்றைக்கு அதே கல்லாவில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

'சுகர் நார்மல்' என்ற அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. முகாமில் பார்த்தது பொய்யா என்று எங்கள் குடும்ப டாக்டரிடம் கேட்டேன். "பொய் இல்லை. சுகர் நார்மலாகத்தான் இருந்திருக்கும். அதை நார்மலாக வைத்திருப்பதற்கு உடம்பு என்ன விலை கொடுத்தது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை" என்றார். அதன் பிறகு அவர் சொன்னதையும், தேடிப் படித்ததையும் நம் பாஷையில் எழுதுகிறேன்.

ஒரு மனிதனின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் சாதாரணமாக ஓடும் சர்க்கரை மொத்தமே 5 கிராம்தான். ஒரு டீ ஸ்பூன்! நாம் ஒரு வேளை சாப்பிடும் சோற்றிலிருந்து வந்து சேரும் சர்க்கரையோ 70, 80 கிராம். அதாவது ஒரு மூட்டை மட்டும் வைக்க இடமுள்ள கடை வாசலில் 15 மூட்டை லோடு வந்து இறங்குகிறது. அதை வாசலில் கிடக்கவிடாமல் உடனே குடோனுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுகிற லோடுமேன்தான் இன்சுலின். கணையம் என்ற உறுப்பு அவனை அனுப்புகிறது. குடோன்கள் இரண்டு. பெரியது நம் தசை; கைகால், தொடை, முதுகு எல்லாம் சேர்ந்தது. சிறியது ஈரல்.

தினமும் நடந்து, குனிந்து, தூக்கி வேலை செய்கிறவனுக்குப் பெரிய குடோனிலிருந்து சரக்கு போய்க்கொண்டே இருக்கும். புது லோடு வந்தால் கதவு உடனே திறக்கும். உட்கார்ந்தே இருப்பவனுக்குக் குடோனில் உள்ள சரக்கு அப்படியே கிடக்கிறது. அதோடு, வரக்கூடாத கொழுப்பும் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போய் அடைத்துக்கொள்கிறது. லோடுமேன் வந்து தட்டினால் கதவு திறப்பதில்லை. இதைத்தான் டாக்டர்கள் 'இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்', இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். இன்சுலின் இல்லாமல் போவதல்ல. இருக்கிறது, அதன் பேச்சைக் கேட்பதற்கு ஆள் இல்லை.

கணையம் சும்மா இருக்குமா? இரண்டு ஆள் போதுமான இடத்துக்கு நான்கு, ஆறு, பத்து என்று அனுப்பிக் கதவைத் தள்ளித் திறந்து சரக்கை ஏற்றிவிடுகிறது. வாசல் சுத்தமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் வந்து ரத்தத்தை எடுத்துப் பார்ப்பவர் 'சர்க்கரை நார்மல்' என்று எழுதிவிட்டுப் போவார். கல்லாவில் பணம் சரியாக இருக்கிறது, ஆனால் கூலிச் செலவு பத்து மடங்காகிவிட்டது. அதைப் பேரேட்டில் யாரும் பார்க்கவில்லை. இப்படிப் பல வருடம் ஓடும். ஓடி ஓடிக் கணையம் ஒரு நாள் தளர்ந்த பிறகுதான் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை வியாதி என்று முதன்முதலில் கண்டுபிடிக்கும் நாளில் கணையத்தின் சக்தியில் ஏறக்குறைய பாதி போயிருக்கும் என்று இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி காட்டியது. பாதி முதலை இழந்த பிறகு கணக்குப் பார்க்க உட்காருகிற வியாபாரியை நாம் என்ன சொல்வோம்?

இது புதுச் சங்கதி அல்ல. இன்சுலினை 1921-ல் கனடாவின் டொரான்டோ நகரில் கண்டுபிடித்தார்கள். 15 வருடம் கழித்து 1936-லேயே லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற டாக்டர், சர்க்கரை நோயாளிகளில் ஒரு சாராருக்கு இன்சுலின் பற்றாக்குறை, இன்னொரு சாராருக்கு இன்சுலின் வேலை செய்யாத குறை என்று பிரித்துக் காட்டினார். 1988-ல் அமெரிக்காவில் ஜெரால்ட் ரீவன் என்பவர், இந்த எதிர்ப்பு தனியாக வருவதில்லை; ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுவது, எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு இறங்குவது எல்லாம் கூட்டாளிகளாகச் சேர்ந்தே வருகின்றன, மாரடைப்புக்கு இந்தக் கூட்டே வழி என்று சொன்னார். என் நண்பருக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான் என்று டாக்டர் நினைக்கிறார். சர்க்கரை வியாதி வந்துதான் இருதயம் கெட வேண்டும் என்பதில்லை. சர்க்கரை வருவதற்கு முன்பே, 'நார்மல்' என்று சொல்லிக்கொண்டிருக்கும் வருடங்களிலேயே ரத்தக் குழாய் கெட ஆரம்பித்துவிடுகிறது. 52 நாடுகளில் நடத்திய மாரடைப்பு ஆராய்ச்சியில், நம் இந்தியா, இலங்கைப் பக்கத்து மக்களுக்கு மற்றவர்களைவிட 5, 6 வயது முன்னதாகவே முதல் மாரடைப்பு வருவதாக 2007-ல் எழுதியிருக்கிறார்கள்.

'நான் குண்டு இல்லையே' என்று சிலர் கேட்பீர்கள். இங்கேதான் நம் நாட்டவருக்கு ஒரு சங்கடம். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-ல் தங்கள் போட்டோவையே ஒரு மருத்துவப் பத்திரிகையில் போட்டார்கள். இரண்டு பேருக்கும் உயரத்துக்கு எடை ஒரே கணக்கு. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். தராசு ஒன்றைச் சொன்னது, உள்ளே சரக்கு வேறாக இருந்தது. கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை என்று நம் கடைத்தெருவில் எத்தனை பேர்! தசை குறைவு, கொழுப்பு வயிற்றுக்குள்ளே. இது ஓரளவு பரம்பரையாக வருவது. தாய் வயிற்றில் சத்துக் குறைந்து, எடை குறைவாகப் பிறப்பதும் ஒரு காரணம் என்கிறார்கள். நம் பாட்டன் காலத்துப் பஞ்சத்துக்கு நாம் பொறுப்பல்ல. அதன் மேல் நாம் ஏற்றி வைப்பதற்கு நாமே பொறுப்பு.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில், சென்னையைச் சேர்ந்த டாக்டர் மோகன் குழுவினர் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி. அதற்கு முந்திய நிலையில் 13 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு வியாதியே இருக்கிறது. வயிற்றுப் பருமன் நாடு முழுக்க 100-க்கு 39 பேருக்கு மேல். இதில் வியாபாரிகள் எத்தனை என்று தனிக் கணக்கு எடுக்கவில்லை. எடுத்தால் நம் மானம் போகும் என்று நினைக்கிறேன்.

நம் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்கு அடைக்கிறோம். 16 மணி நேரத்தில் நம் கால் நடந்தது எத்தனை அடி? சரக்கு எடுக்கப் பையன், டீ வாங்கப் பையன், தண்ணீர் எடுக்கவும் பையன். லண்டனில் மாடி பஸ் ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் வைத்து மாரிஸ் என்ற டாக்டர் 1953-ல் ஒரு ஆராய்ச்சி எழுதினார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இருதய நோய் அதிகம். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பவருக்குக் குறைவு. பிறகு அவர் கம்பெனி தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநர்களுக்குத்தான் அளவு பெரிசு. நம் கடையில் ஓட்டுநர் யார், கண்டக்டர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்னைப் போல இரண்டு மடங்கு சோறு சாப்பிடுகிறார். அவர் வயிறு ஒட்டித்தான் இருக்கிறது. அரிசி ஒன்றுதான், ஏற்றி இறக்குகிற குடோன்தான் வேறு.

கடைகளில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தது. நியாயமான சட்டம், எல்லோரும் ஸ்டூல் வாங்கிப் போடுங்கள். முதலாளியை மணிக்கு ஒரு தடவை எழுப்பிவிடுவதற்கும் ஒரு சட்டம் வந்தால் நன்றாக இருக்கும்.

அடுத்தது டீ. கடைக்கு யார் வந்தாலும் டீ. விற்பனைப் பிரதிநிதி வந்தால் டீ, லாரி வந்தால் டீ, பாக்கி வசூலுக்கு ஆள் வந்தாலும் டீ. ஒரு நாளைக்கு 8 கிளாஸ், கிளாசுக்கு 2 ஸ்பூன் என்றால் 80 கிராம் சீனி. வருடத்துக்கு 29 கிலோ! 50 கிலோ மூட்டையில் பாதிக்கு மேல் ஒரு ஆள் டீயிலேயே கரைத்துக் குடிக்கிறார். உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அது டீக்கு மட்டும் அல்ல, பிஸ்கட், கேசரி, கூல்டிரிங்க்ஸ் எல்லாம் சேர்த்து.

இவை தவிர, இரவு கடை அடைத்து, கணக்கு முடித்து, 11 மணிக்குப் பரோட்டாவோ நாலு இட்லியோ சாப்பிட்டு, கை காய்வதற்குள் படுக்கை. விடியுமுன் மறுபடி மார்க்கெட். இன்சுலினுக்குக் கதவு திறக்கும் குணம் பகலில் அதிகம், இரவில் குறைவு. அதே சோறு ராத்திரியில் சாப்பிட்டால் சர்க்கரை அதிகம் ஏறும். தூக்கம் குறைந்தாலும் எதிர்ப்பு கூடும். பீடி, சிகரெட், புகையிலையும் அப்படியே.

எங்கள் ஊர் ஏழடிப்பட்டத்தில் பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கிய 17 கல் படுக்கைகள் உண்டு. சமண முனிவர்கள் தங்கிய இடம். ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. பொழுது சாய்ந்த பிறகு உண்பதில்லை என்பது சமணர்களின் கட்டுப்பாடு. விளக்கில் விழும் பூச்சிக்கும் தீங்கு கூடாது என்று உயிர்க்கொலைக்குப் பயந்து வைத்தது, இன்சுலினுக்காக அல்ல. சரக்கு எடுக்கச் சவுகார்பேட்டை போய் வந்தவர்களுக்குத் தெரியும், சேட்டுகளில் கட்டுப்பாடாக இருப்பவர்கள் இன்றைக்கும் வெளிச்சம் இருக்கும்போதே கடையிலேயே டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார்கள். அதற்காக அவர்களுக்குச் சர்க்கரை வியாதி வராது என்று நான் சொல்லவில்லை. நெய்யும் இனிப்பும் அங்கே தாராளம். ஆனால் 7 மணிக்குக் கடையிலேயே சாப்பிட்டால் வியாபாரம் கெட்டுவிடாது என்பதை அவர்களிடம் பார்த்துத்தான் நானும் ஒரு வருடமாக வீட்டுச் சாப்பாட்டை மாலையில் கடைக்கு வரவழைக்கிறேன்.

எனக்கு 57-ல் சர்க்கரை வந்தது. மாத்திரை சாப்பிடுகிறேன். நண்பர் போன பிறகுதான் பழைய லேப் சீட்டுகளை எல்லாம் எடுத்து டாக்டரிடம் கொடுத்தேன். 46 வயதில் எடுத்த ஒரு சீட்டில் சர்க்கரை 98, டிரைகிளிசரைடு 260, எச்.டி.எல். 33. சர்க்கரைக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று டிக் போட்டிருந்தது. மற்ற இரண்டையும் அன்றைக்கு யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 11 வருடம் முன்கூட்டியே வந்த நோட்டீசைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆகவே, காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் சொல்கிறேன். பொட்டலம் கட்டும் சணல் நூல் நம் எல்லோர் கடையிலும் தொங்குகிறது. உங்கள் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டுங்கள். இரண்டாக மடியுங்கள். அது உங்கள் தொப்புளைச் சுற்றி வர வேண்டும். வராவிட்டால் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. டேப் வைத்துப் பார்ப்பவர்களுக்கு, நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது சுமார் 35 அரை அங்குலம்; பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். பேன்ட் அளவைச் சொல்லி ஏமாற வேண்டாம். நாம் பேன்ட் போடுவது தொப்பைக்குக் கீழே. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணி போலத் தடித்துக் கருத்திருந்தால் அது அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. இன்சுலின் ரத்தத்தில் மிதமிஞ்சி இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். பிள்ளைகள் கழுத்தில் இதைப் பார்த்தால் திட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கனமான குறட்டையும், சாப்பிட்டதும் தள்ளும் தூக்கமும் விசாரிக்க வேண்டியவை.

லேப் சீட்டில் பார்க்க வேண்டியவை: டிரைகிளிசரைடு 150-க்கு மேல், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்குக் கீழ், பெண்களுக்கு 50-க்குக் கீழ், ரத்த அழுத்தம் 130/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல், இவற்றோடு இடுப்பளவு. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்தால் கூட்டு வியாபாரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இன்சுலினையே அளக்கும் டெஸ்டும் உண்டு. எல்லோருக்கும் அது வேண்டியதில்லை என்றார் டாக்டர். மேலே சொன்ன ஐந்தே போதும்.

வீட்டுப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாதவிலக்குத் தவறுவது, முகத்தில் ரோமம், குழந்தைப்பேறு தாமதம் என்று வரும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறில் பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்புக்கும் பங்குண்டு. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போனவர்கள் பிறகும் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். குடிக்காதவருக்கும் ஈரலில் கொழுப்பு படிவது இதன் இன்னொரு முகம். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்தால் 'எல்லோருக்கும் இருப்பதுதானே' என்று மடித்து வைத்துவிடுகிறோம். எல்லோருக்கும் இருக்கிறது என்பதுதான் பயப்பட வேண்டிய செய்தி.

இதைத் திருப்ப முடியுமா? முடியும் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதி வருவதற்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை 3 வருடம் கவனித்து 2006-ல் முடிவை எழுதினார்கள். வழக்கம்போல விட்டுவிட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினமும் அரை மணி நடை, சீனியும் தீட்டிய தானியமும் எண்ணெயும் குறைப்பு என்று இருந்தவர்களில் 39 பேருக்கு வந்தது. 100-க்கு 16 பேர் தப்பித்தார்கள். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். வியாபாரத்தில் 16 சதவீதம் கிடைத்தால் நாம் விடுவோமா? நடக்கும்போது தசை தன் கதவைத் தானே திறந்துகொள்கிறது, அந்த நேரத்தில் இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை. எனவே சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் கடைக்குள்ளேயே நடந்தால்கூட பலன் உண்டு. என் இடுப்பு 104-லிருந்து 97-க்கு வந்திருக்கிறது. இன்னும் 7 போக வேண்டும். மாத்திரையை யாரும் தன்னிச்சையாக நிறுத்த வேண்டாம், நான் நிறுத்தவில்லை.

இனி எழுதப்போவது சில அங்கத்தினர்களுக்குக் கசக்கும். நம் உடம்பு மட்டுமல்ல, நாம் விற்கும் சரக்கும் இந்தக் கதையில் இருக்கிறது. நகரத்து மக்கள் வாங்கும் சக்தியில், அதாவது சாப்பிடும் கலோரியில், ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசியிலிருந்து வருகிறது என்றும், அது கூடக்கூட இடுப்பளவும் டிரைகிளிசரைடும் இன்சுலின் எதிர்ப்பும் கூடுகின்றன என்றும் 2009-ல் வெளியான சென்னை ஆய்வு சொல்கிறது. அரிசி விற்காமல் இருக்க முடியாது. ஜனங்களுக்கு அது வேண்டும். 2011 ஜூன் முதல் ரேஷனிலும் விலையில்லாமல் கொடுத்தார்கள். நான் குறை சொல்வது வேறொன்றை.

"அண்ணே, நாட்டுச் சர்க்கரை போட்டா சுகர் ஏறாதுல்ல?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நாம் என்ன சொல்கிறோம்? "ஏறாதும்மா, உடம்புக்கு நல்லது" என்று ஒரு கிலோ கட்டிக் கொடுக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் ரத்தத்தில் சீனிக்குப் பெரிய வித்தியாசம் காட்டுவதில்லை. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட்டில் சீனி இல்லாமல் இருக்கலாம், மைதா இருக்கிறதே! பாக்கெட் மேல் கேழ்வரகுப் படம் போட்ட நூடுல்சைத் திருப்பிப் பார்த்தால் முதல் பெயர் கோதுமை மாவு.

சிறுதானியத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் புதுக்கோட்டைச் சீமை மானாவாரிப் பூமி. வரகும் சாமையும் கேழ்வரகும் விளைந்த பக்கம். இந்தியா கேட்டுக்கொண்டு ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு மறுபடி கிராக்கி வந்தது. கிராக்கி வந்ததும் நாம் செய்த முதல் வேலை, சாமையையும் வரகையும் மில்லில் கொடுத்து அரிசி மாதிரி வெள்ளையாகத் தீட்டியதுதான். தவிட்டோடு இருந்தால் மாசக் கணக்கில் வைக்க முடியாது, காறல் வாடை வரும், வண்டு விழும், வாங்குகிறவரும் நிறம் மங்கல் என்கிறார். ஆகவே தீட்டுகிறோம். தீட்டிய பிறகு உடம்புக்கு உதவுவதாகச் சொன்ன நாரும் சத்தும் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விட்டன. விலை மட்டும் இரண்டு மடங்கு. தீட்டாத சாமையை 10 கிலோ, 15 கிலோவாகக் குறைவாக எடுத்து, பத்து நாளில் விற்று முடிப்பதாக இருந்தால் தவிட்டோடு கொடுக்கலாம். நான் அப்படிக் கொடுக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. லாபம் சொற்பம். இரண்டு தடவை வண்டு விழுந்து திரும்பியும் வந்தது. நிறுத்துவதாக இல்லை.

கடைசியாகச் சங்கத்துக்கு. வருடா வருடம் மருத்துவ முகாம் நடத்துகிறோம்; நல்ல காரியம். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நம்பர், அப்புறம் டீ, சமோசா, போட்டோ. அந்த ஒரு நம்பரை நம்பித்தான் என் நண்பர் பாதிப் படியில் உட்கார்ந்தபோதும் சமாதானமாக இருந்தார். வரும் முகாமில் சர்க்கரையோடு இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் கொழுப்பு டெஸ்ட் மூன்றையும் சேர்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு அட்டை போட்டு ஐந்து நம்பரையும் எழுதி, அடுத்த வருடம் அதே அட்டையில் பக்கத்தில் எழுத வேண்டும். கடைக்கு வந்துவிட்ட 20, 25 வயதுப் பையன்களை முதல் வரிசையில் நிறுத்த வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொழுப்பு டெஸ்டுக்குச் செலவு அதிகம் என்று பொருளாளர் சொன்னார். முதல் வருடச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு டீ, சமோசா கணக்கைப் பார்க்கலாம். படிப்பை விட்ட அந்தப் பையனிடமும் பேசிவிட்டேன். முகாமுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். காலையில் கடையை அவன் அம்மா பார்த்துக்கொள்வார்களாம்.